குளிர்காலத்தில் மவுண்டன் பைக்: ஒரு வாரம் முன்பிருந்து வீடு திரும்பும்வரை

ஏற்றத்தின் பாதியில் பெடல் திடீரென்று லேசாகிப்போனது. செயின் அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தால் செயின் அப்படியே இருக்கிறது. மிதிக்கிறேன், பல்சக்கரம் மட்டும் சுற்றுகிறது, பின்சக்கரம் அசையவில்லை. வெளியே மைனஸ் 12 டிகிரி. முந்தைய நாள்தான் பைக்கை ஆசை ஆசையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி வீட்டுக்குள் நிறுத்தியிருந்தேன். பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஃப்ரீஹப்புக்குள் கொஞ்சம் ஈரம் புகுந்திருக்கிறது. கிளம்பி முக்கால் மணி நேரம் எல்லாம் சரியாக ஓடியது. சக்கரம் முழுக்கக் குளிர்ந்ததும் அந்த ஈரம் உறைந்து, மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கடத்த ஸ்பிரிங் தள்ளி எழ வேண்டிய சின்னச் சின்னக் கொக்கிகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டது.

ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். மிதிப்பது நின்றதும் உடம்புச் சூடும் இறங்கிவிட்டது. உள்ளே போட்டிருந்த பருத்தி டி-ஷர்ட் வியர்வையில் ஊறி முதுகில் ஈரத்துணி போல் ஒட்டிக்கிடந்தது. பைக்கை நிறுத்தியதும் ஈரம், என்னை நடுங்க வைத்ததும் ஈரம். அன்றிலிருந்து குளிர்காலத் தயாரிப்பு என்றால் எனக்கு முதல் கேள்வி ‘எவ்வளவு குளிர்?’ அல்ல, ‘ஈரம் எங்கே சேரும்?’ என்பதுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியின் வரிசையில்தான் வருகிறது.

ஒரு வாரம் முன்: பைக்

ஃப்ரீஹப்பிலிருந்தே தொடங்குங்கள். அதைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, குளிருக்கு ஏற்ற லேசான கிரீஸ் அல்லது எண்ணெய் போட வேண்டும். கெட்டியான கிரீஸ் கடுங்குளிரில் பசை மாதிரி ஆகிவிடும். தண்ணீரே இல்லாவிட்டாலும் கொக்கிகள் எழாது. சில ஹப்களைக் கையாலேயே இழுத்துக் கழற்றலாம், சிலவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் ‘குளிருக்கு’ என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். சும்மா சர்வீஸ் என்று சொன்னால் வழக்கமான கெட்டி கிரீஸையே அப்பிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

அடுத்து கியர் கேபிள். கேபிள் ஓடும் குழாய்க்குள் ஒரு துளி தண்ணீர் உறைந்தாலும் கியர் மாறாது. கேபிள் பழையதாக இருந்தால் குளிர் தொடங்கும் முன்பே கேபிளும் குழாயும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. செயினுக்கு, ஈரமான பருவத்துக்கென்று விற்கும் எண்ணெய் போதும். அதிகமாகப் போட்டால் மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும். விட்டபின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் பிரேக்கில் உங்களுடையது எந்தத் திரவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மினரல் ஆயில் கடுங்குளிரில் தடிக்கும். லீவரை விட்டதும் சோம்பலாகத் திரும்பும். டாட் (DOT) என்ற இன்னொரு வகைப் பிரேக் திரவம் குளிரை நன்றாகத் தாங்கும், ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். பிரேக் பேட், ரெசின் வகையைவிட உலோகத்தூள் கலந்த வகை சேற்றிலும் ஈரத்திலும் நீண்ட நாள் தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும், பரவாயில்லை.

முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் இரண்டு விஷயம் நடக்கிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது, எண்ணெய் தடிக்கிறது. அதனால் அமுங்கிய ஃபோர்க் மெதுவாக எழும். அழுத்தத்தை வெளியே, பைக் அரை மணி நேரம் குளிரில் நின்ற பிறகு சரிபாருங்கள். அது எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை இரண்டு மூன்று கிளிக் வேகப்பக்கம் திருப்புங்கள். உயரம் மாற்றும் டிராப்பர் சீட் போஸ்ட்டும் இதே காரணத்தால் மெதுவாகத்தான் ஏறும். குளிர்காலம் முழுக்க ஓட்டுபவர்களில் பலர் சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க்குக்கு மாறிவிடுகிறார்கள். பனித்தடம் பெரும்பாலும் கற்களை மூடி மென்மையாகத்தான் இருக்கும் என்பதால் இழப்பு பெரிதில்லை.

டயர்: இதில் அவசரப்படாதீர்கள்

பனியில் ஓட்டுவதற்கு வாங்கும் பொருள்களில் பணத்துக்கு அதிக மதிப்புத் தருவது டயர்தான். ஆனால் எந்த டயர் என்பது உங்கள் தடத்தில் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. பனி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், டயருக்கு அது நான்கைந்து வேறு வேறு தரை.

இரண்டு மூன்று விரல் ஆழப் புதுப்பனி என்றால் சாதாரண மவுண்டன் பைக் டயரே போதும், அழுத்தத்தை மட்டும் குறையுங்கள். உறைந்து இறுகிய மண் என்றால் கொண்டாட்டம்தான். கோடைகாலத்தில் சேறாகக் கிடக்கும் தடம்கூட அப்போது தார்ச்சாலை மாதிரி ஓடும். பலர் நடந்து மிதித்து இறுகிய ஆழப்பனிக்கு அகலம் வேண்டும். ஃபேட் பைக் வந்ததே இதற்காகத்தான். அலாஸ்காவில் 1980களில் நீண்ட தூரப் பனிப்பந்தயம் ஓட்டியவர்கள் அகல ரிம்களைத் தாங்களே செய்து பார்த்தார்கள். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வந்த பிறகுதான் கடையில் நேராக வாங்கும்படி ஆயிற்று. 4 முதல் 5 அங்குல அகல டயரை 8 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு)-க்கும் கீழே, மென்மையான பனியில் 4, 5 வரைகூட இறக்கி ஓட்டுவார்கள். அந்த அளவில் அரை பிஎஸ்ஐ வித்தியாசமே கையில் தெரியும், அதனால் குறைந்த அழுத்தம் காட்டும் நல்ல அளவுமானி ஒன்று வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் வித்தை இங்கே செல்லாது.

கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டிக்கு அகலமும் பயன்படாது, மென்மையான ரப்பரும் பயன்படாது. ஆணி பதித்த டயர் ஒன்றுதான் வழி. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணிகளைத் தேர்ந்தெடுங்கள். வெறும் எஃகு சீக்கிரம் மழுங்கும். புது டயரில் முதல் 40, 50 கிலோமீட்டரைக் கடினமான சாலையில், பலமான பிரேக்கும் வெட்டித் திருப்பலும் இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் தங்கள் குழியில் சரியாக உட்காரும். ஒரே ஒரு ஆணி டயர்தான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் நீங்கள் கீழே விழுந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

அப்புறம் இந்தக் கணக்கு. வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே மைனஸ் 10-இல் ஏறக்குறைய 21 ஆகிவிடும். பஞ்சர் இல்லை, காற்றுச் சுருங்கியிருக்கிறது. இதை மனதில் வைத்து அடியுங்கள், அல்லது வெளியே போய் அளந்து சரிசெய்யுங்கள். டியூப்லெஸ் என்றால், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். தடித்துப்போன சீலன்ட் ஓட்டையைத் தேடிப் போகாது.

உடை

பருத்தி வேண்டாம். உள்ளாடை முதல் ஸாக்ஸ் வரை எதிலும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். உடம்போடு ஒட்டிய உடுப்பு மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். மெரினோ நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், நாற்றமும் குறைவு. பாலியஸ்டர் சீக்கிரம் காயும். எனக்கு மேலுடம்புக்கு மெரினோ, நிறைய வியர்க்கும் ஏற்றங்கள் உள்ள நாளில் பாலியஸ்டர். அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. கனத்த இறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மிதித்தால் பதினைந்தாவது நிமிடத்தில் உள்ளே மழை பெய்யும். அதன் இடம் முதுகுப்பை. பஞ்சர் ஒட்ட நிற்கும்போது எடுத்துப் போடலாம்.

நடைக்கு உடுத்துவதுபோல் இதற்கு உடுத்த முடியாததற்கு இன்னொரு காரணம், காற்று. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 12 போலத் தெரியும். இறக்கத்தில் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் காற்று: ஒரே சவாரியில் இரண்டு பருவம்.

வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். லேசாகக் குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

கையும் காலும்தான் பெரிய தலைவலி. உடம்பு குளிரும்போது நடுப்பகுதியைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் இரத்தத்தை முதலில் குறைத்துவிடும். கனத்த கையுறை போட்டால் பிரேக்கும் கியரும் பிடிபடாது. மெல்லியது போட்டால் விரல் மரத்துப்போகும். இதற்கு நான் பார்த்தவரையில் சிறந்த தீர்வு ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறைகள், போகி என்பார்கள். அதற்குள் மெல்லிய கையுறையோடு கையை நுழைத்துக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். முதல் வருடம் நானும் வெட்கப்பட்டு மாட்டவில்லை, இப்போது அது இல்லாமல் மைனஸ் 5-க்குக் கீழே கிளம்புவதில்லை. விழும்போது கை உடனே வெளியே வரும் அளவுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். அதையும் வீட்டிலேயே நாலு தடவை இழுத்துப் பழகிப் பாருங்கள்.

காலில் எல்லோரும் செய்யும் தப்பு, பழைய ஷூவுக்குள் இரண்டு கனத்த ஸாக்ஸைத் திணிப்பது. ஷூ இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும். ஒரு ஸாக்ஸோடு இருந்ததைவிட அதிகமாகக் குளிரும். குளிர்கால ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே விரலை ஆட்ட முடிய வேண்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற உலோகத் தகடு மாட்டும் ஷூவில் அந்தத் தகடு வழியாகக் குளிர் நேராகப் பாதத்துக்கு வரும். இன்சோலை எடுத்து, கிளீட் துளைகளை உள்ளிருந்து டேப்பால் மூடுங்கள். நான் குளிர்காலத்தில் தட்டைப் பெடலுக்கு மாறிவிடுகிறேன். வழுக்கினால் காலை ஊன்றலாம், சாதாரண மலையேற்ற பூட்ஸே போட்டுக்கொள்ளலாம், கிளீட்டில் பனி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. கடுங்குளிர் நாளுக்கு ஒரு பழைய உபாயம்: மெல்லிய ஸாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் கம்பளி ஸாக்ஸ். உள்ளே கொஞ்சம் பிசுபிசுக்கும், ஆனால் கம்பளி காய்ந்தே இருக்கும். சூடு அதில்தானே இருக்கிறது.

தலைக்கு ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மெல்லிய குல்லாய் போதும். தடித்த குல்லாய்மேல் ஹெல்மெட் மிதந்துகொண்டிருந்தால் விழும்போது அது இருந்தும் இல்லாத மாதிரிதான். கழுத்துக்கு ஒரு துணிக்குழாய். தேவைப்பட்டால் வாயை மூடலாம். வறண்ட குளிர்காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிறுக்கம் தரும், அவர்கள் வாயை மூடியே ஓட்டுவதும், மருந்தை உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் மூடிய வாயிலிருந்து மேலே போகும் மூச்சு கண்ணாடியை மங்க வைக்கும். நிற்கும்போது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிடுங்கள். நெற்றிமேல் ஏற்றி வைத்தால் தலையின் ஆவி பட்டு உறைந்தே போகும்.

முந்தைய இரவு

வழியை முடிவு செய்யுங்கள். கோடையில் இரண்டு மணி நேரம் எடுக்கும் தடம் பனியில் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். ஒரே நீண்ட சுற்றைவிட, வண்டி நிற்கும் இடத்தையோ வீட்டையோ அடிக்கடி தொட்டுச்செல்லும் சின்னச் சுற்றுகள் மேல். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து நனைந்து திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். இருட்டும் நேரத்தைக் குறித்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியும்படி திட்டமிடுங்கள். அப்படியும் விளக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வானிலையில் நான் பயப்படும் எண் மைனஸ் 15 அல்ல, பிளஸ் 2. மைனஸ் 8-இல் பனி வறண்டு கிடக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். பிளஸ் 2-இல் மழையோ உருகும் பனியோ வந்தால் கையுறை, ஷூ, முதுகு எல்லாம் ஒரு மணி நேரத்தில் நனையும். அந்த நாளில் வீட்டில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

லித்தியம் பேட்டரிகள் குளிரில் சீக்கிரம் இறங்கும். விளக்கு, கைபேசி, மின்பைக்கின் பேட்டரி எல்லாம் இரவு வீட்டுக்குள் இருக்கட்டும், கிளம்பும்போது மாட்டினால் போதும். கைபேசி உடம்பை ஒட்டிய பாக்கெட்டில். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை வந்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். அறைச்சூட்டுக்கு வரவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும்.

பையில் வழக்கமான கருவிகளோடு இவையும்: கூடுதல் கையுறை ஒரு ஜோடி, கூடுதல் ஸாக்ஸ், மெல்லிய இறகு ஜாக்கெட், அவசரப் போர்வை, தீப்பெட்டி அல்லது லைட்டர், கையைச் சூடாக்கும் பொட்டலங்கள். அந்தப் பொட்டலத்தில் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்துதான் சூடாகிறது. தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே பிரித்துக் காற்றுப் பட விடுங்கள், வெறும் தோலில் வைக்காதீர்கள். பம்ப்பில், வாயுக் குப்பியைவிடக் கைப்பம்ப்பையே நம்புவேன். குப்பியிலிருந்து வாயு பீறிடும்போது அதுவே கடுமையாகக் குளிர்ந்து வால்வை உறைய வைக்கும். அடித்துக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பும் கைப்பம்ப்பால் சூடாகும். கையுறையைக் கழற்றாமல் ட்யூப் மாற்ற முடிகிறதா என்று வீட்டுக்குள் ஒருமுறை செய்து பாருங்கள். பெரும்பாலும் முடியாது. அது காட்டில் தெரிவதைவிட வரவேற்பறையில் தெரிவது மேல்.

கிளம்பும் காலை

தண்ணீரைச் சூடாகவே ஊற்றி, பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் உருவாகும். தலைகீழாக இருந்தால் அது அடிப்பாகத்தில் உறையும், வாய் திறந்தே இருக்கும். முதுகுப்பைத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் குழாயில் ஊதி, மிச்சத்தை உள்ளே தள்ளிவிடுங்கள். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும். அதனால் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். தின்பண்டத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 10-இல் சில எனர்ஜி பார்களைக் கடித்தால் உடைவது உங்கள் பல்லாகத்தான் இருக்கும்.

தடத்தில்

முதல் பத்து நிமிடம் மெதுவாக. இடையிடையே பிரேக்கை லேசாகத் தொட்டு டிஸ்க்கில் படியும் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் முதல் பிடி பிடிபடாது. கியரையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருங்கள், ஒரே கியரில் அரை மணி நேரம் போனால் அதிலேயே உறைந்துவிடக்கூடும்.

வியர்க்கத் தொடங்கும் முன் ஜிப்பைத் திறங்கள். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை. உச்சிக்கு வந்ததும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஜிப்பை மூடி, தேவையானால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் காட்சி பார்க்க வேண்டும்.

பனிக்கட்டித் துண்டு முன்னால் தெரிந்தால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன்மேல் போகும்போது முன்பிரேக் இல்லை, திருப்பல் இல்லை. உட்கார்ந்தபடி, கை தளர்வாக, நேராகக் கடந்துவிட வேண்டும். நிழல் விழும் சரிவு, மரப்பாலம், வேர்கள், ஊற்று கசியும் இடம் இவையெல்லாம் வெயில் நாளிலும் உறைந்தே இருக்கும். பாலம் வந்தால் நான் யோசிக்காமல் இறங்கிவிடுவேன்.

பகலில் வெயில் ஏறித் தடத்தின் மேல்மண் மட்டும் இளகி அடிமண் உறைந்திருக்கும் நேரம் மோசமானது. மேலே சேறு, கீழே தண்ணீர் வடிய வழியில்லை. அப்போது ஓட்டினால் ஆழமான பள்ளம் விழுந்து மறுபடி உறைந்து, குளிர்காலம் முழுக்க எல்லோருக்கும் தொல்லை. உங்கள் டயர் தடம் ஆழமாகப் பதிகிறது என்று தெரிந்தால் திரும்பிவிடுங்கள். அதிகாலையில் கிளம்பி, இளகும் முன்பே முடிப்பது இதனால்தான். பனிச்சறுக்குக்காரர்கள் போட்டு வைத்த இரட்டைக் கோட்டிலும் ஏறாதீர்கள்.

உடன் வருபவரின் முகத்தை அடிக்கடி பாருங்கள், உங்கள் முகத்தை அவர் பார்க்கட்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெளுத்த, மெழுகு போன்ற திட்டு தெரிந்தால் உறைபனிக் காயம் தொடங்குகிறது என்று பொருள். கைச்சூட்டை வைத்து மூடுங்கள். தேய்க்கவே கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். விரல் மரத்துக் கட்டியாகிவிட்டால் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போய் 37 முதல் 39 டிகிரித் தண்ணீரில்தான் மெல்லச் சூடேற்ற வேண்டும். வழியிலேயே சூடேற்றி மறுபடி உறைய விட்டால் சேதம் இரட்டிப்பு. பேச்சுக் குழறுவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, காரணமில்லாத எரிச்சல், தள்ளாட்டம் எல்லாம் உடம்பின் உள்வெப்பம் இறங்குவதற்கான அடையாளங்கள். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. நடுக்கம் நின்றுவிட்டால் நலமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உடனே ஈர உடையை மாற்றி, போர்த்தி, உதவிக்கு அழையுங்கள்.

திரும்பியதும்

முதலில் நீங்கள்: ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு, சூடாக ஏதாவது குடியுங்கள். பைக் அரை மணி நேரம் காத்திருக்கும். அப்புறம் பனியைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து உருகி வடிய விடுங்கள். சாலையில் உப்புத் தூவியிருந்தால் கழுவியே ஆக வேண்டும், உப்பு செயினையும் போல்ட்டுகளையும் தின்றுவிடும். ஆனால் ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்ச் போதும். பீய்ச்சும் குழாய் வேண்டாம். ஹப், பேரிங் பக்கம் கையாலேயே துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விட்டு, இரவு முழுக்கச் சூடான இடத்தில் நிற்க விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பைக்கை மறுபடி வெளியே எடுத்தால் என் கதைதான் உங்களுக்கும். ஃப்ரீஹப் உறைந்து நின்றபோது அதன்மேல் சூடான திரவம் ஊற்றினால் தற்காலிகமாக விடும் என்று பிறகு ஒரு நண்பர் சொன்னார். ஃப்ளாஸ்க்கில் தண்ணீர் தீர்ந்திருந்ததே என்றேன். ‘சூடான திரவம் எல்லோரும் உடம்பிலேயே கொண்டுபோகிறோம்’ என்றார். நான் ஐந்து கிலோமீட்டர் நடந்ததே மரியாதையாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.